ஓல்மெக்குகள் எல்லோருக்கும் தாயா? ஆதி ஊர்களின் பானை ஓடுகள் சொல்லும் பதில்

கேள்வி இதுதான்: மீசோ அமெரிக்காவில் (மெக்சிகோவும் குவாத்தமாலா போன்ற அண்டை நாடுகளும்) முதலில் எழுந்த நாகரிகம் ஓல்மெக் என்றும், சுற்றியிருந்த ஆதி ஊர்களெல்லாம் அவர்களிடமிருந்துதான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டன என்றும், மாயர், சப்போட்டெக் தொடங்கி அஸ்டெக் வரை அத்தனை பேருக்கும் அவர்களே தாய் என்றும் பல இடங்களில் படிக்கிறோமே, அது எவ்வளவு உண்மை?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் நிலையாகத் தங்கி, வீடு கட்டி, பானை வனைந்து, பயிர் செய்து வாழும் வாழ்க்கையை ஓல்மெக்குகள் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்கள் பெரிதாக எழுவதற்கு முன்பே பல இடங்களில் அது வேர்பிடித்துவிட்டது. அவர்களிடமிருந்து பரவியது வேறு ஒன்று. தெய்வங்களை எந்த உருவில் காட்டுவது, தலைவன் எந்தக் கோலத்தில் அமர்வது, எந்தப் பொருளை வைத்திருந்தால் ஊரில் மதிப்பு என்பது பற்றிய ஒரு பாணி அது. அந்தப் பாணியை ஓர் ஊர் அப்படியே விழுங்கியது, இன்னோர் ஊர் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டது. அதனால் தாயா, மற்றவர்களோடு கூடவே வளர்ந்த சகோதரியா என்று மொத்தமாகக் கேட்பதைவிட ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதுதான் சரி.

முதலில் ஓல்மெக்குகளுக்கு முந்தைய நிலை. மெக்சிகோவின் தென்கோடியில், குவாத்தமாலா எல்லையை ஒட்டிய பசிபிக் கடற்கரைக்கு சோகோனுஸ்கோ என்று பெயர். கழிமுகங்களும் சதுப்பும் மீனும் நிறைந்த பூமி. அங்கே கி.மு. 1900 வாக்கிலேயே மக்கள் ஊராகத் தங்கிவிட்டார்கள். ஆய்வாளர்கள் இவர்களை மொகாயா என்று அழைக்கிறார்கள். இவர்களுடைய முதல் பானைகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். புதிதாக மண்ணைக் கையிலெடுத்தவர்களின் தடுமாற்றம் எதுவும் அவற்றில் இல்லை. மெல்லிய சுவர், வழுவழுப்பான மெருகு, சுரைக்குடுக்கையின் வடிவத்தையும் வரிகளையும் அப்படியே மண்ணில் கொண்டுவந்த வேலைப்பாடு. கழுத்தில்லாத உருண்டைப் பாத்திரங்கள் அவை. சமைப்பதைவிட விருந்தில் பானம் பரிமாறுவதற்கே இவை அதிகம் பயன்பட்டிருக்கும் என்பது பலருடைய கருத்து. பாசோ தே லா அமாதா என்ற ஊரில் கிடைத்த அந்தக் காலத்துப் பாத்திரம் ஒன்றில் கொக்கோவின் எச்சம் வேதியியல் சோதனையில் தெரிந்தது.

அதே ஊரில் 22 மீட்டர் நீளமுள்ள ஒரு வீடு, ஒரே இடத்தில் மறுபடி மறுபடி இடித்துக் கட்டப்பட்டிருக்கிறது. மற்ற வீடுகளைவிட மிகப் பெரியது. ஊர்த்தலைவர் குடும்பம் ஒன்று தலைமுறைகளாக அங்கே இருந்திருக்க வேண்டும். இன்னும் முக்கியமானது பந்தாட்டக் களம். இரண்டு பக்கமும் நீண்ட மண் மேடுகள், நடுவில் ஓடுபாதை போன்ற தளம், சுமார் 80 மீட்டர் நீளம். காலம் கி.மு. 1650ஐ ஒட்டியது. அதாவது, ஓல்மெக்குகளின் முதல் பெருநகரம் தலையெடுப்பதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே மொகாயாக்களிடம் தலைவர்கள் இருந்தார்கள், விருந்து இருந்தது, விளையாட்டுக்கென்று கட்டிய களம் இருந்தது. வளைகுடாக் கரையின் மிகப் பழைய பானைகள் இந்தப் பசிபிக் கரைப் பானைகளின் சாயலில்தான் இருக்கின்றன. ஆரம்பத்தில் கொடுத்தவர்கள் மொகாயாக்கள், வாங்கியவர்கள் பின்னாளைய ஓல்மெக்குகளின் முன்னோர் என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. தாய் என்ற சித்திரத்தில் இந்த அத்தியாயம் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

இனி ஓல்மெக் பூமிக்கு வருவோம். மெக்சிகோ வளைகுடாவின் தென்கரை, இன்றைய வெராகுரூஸ், தபாஸ்கோ மாநிலங்கள். பெருமழை, ஆறுகள், ஆண்டுதோறும் வெள்ளம். கோட்சகோல்கோஸ் ஆற்றுப்படுகையில் சான் லோரென்சோ என்ற மேட்டில் கி.மு. 1400 முதல் 1000 வரை மீசோ அமெரிக்காவில் அதுவரை யாரும் பார்த்திராத அளவில் ஓர் ஊர் வளர்ந்தது. இயற்கையான குன்றின்மேல் கூடை கூடையாக மண் கொட்டி அதை அகலமாக்கி, உயர்த்தி, சரிவுகளில் படித்தளங்கள் அமைத்தார்கள். தலைவர்களின் முகங்கள் என்று கருதப்படும் பெருந்தலைச் சிற்பங்கள் மட்டும் அங்கே 10 கிடைத்தன. மிகப் பெரியதன் எடை 20 டன்னுக்கு மேல். அந்தக் கல் உள்ளூரில் கிடையாது. சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள துஷ்ட்லா எரிமலைப் பகுதியின் பாசால்ட் அது. சக்கரமும் இழுவை விலங்கும் இல்லாத சமூகம் அதைச் சேற்றிலும் ஆற்றிலும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பாசால்ட்டில் செதுக்கிய வாய்க்கால் கற்களை வரிசையாக வைத்து, மேலே மூடி போட்டு, மேட்டுக்குள் நீர்ப்பாதைகூட அமைத்திருந்தார்கள்.

இவ்வளவு பெரிய ஊர் மக்காச்சோளத்தை மட்டும் நம்பி எழுந்தது என்று நினைத்துவிட வேண்டாம். சான் லோரென்சோவின் தொடக்க காலத்தில் மீன், ஆமை, நீர்ப்பறவை, கிழங்கு என்று சதுப்பு கொடுத்த உணவுக்குப் பெரிய பங்கு உண்டு. மக்காச்சோளத்தின் கை ஓங்கியது கி.மு. 1000ஐ ஒட்டித்தான்.

பக்கத்திலேயே எல் மனாத்தி என்ற இடத்தில் ஓர் ஊற்று. 1980களின் இறுதியில் அதன் சேற்றுக்குள்ளிருந்து ரப்பர் பந்துகளும், மெருகேற்றிய பச்சைக்கல் கோடரிகளும், மரத்தில் செதுக்கிய மார்பளவு உருவங்களும் எடுக்கப்பட்டன. பந்துகளில் பழையவை கி.மு. 1600ஐ ஒட்டியவை. உலகத்திலேயே நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ரப்பர் பந்துகள் இவைதான்.

சரி, இங்கிருந்து வெளியே போனது என்ன? முக்கியமாக ஓர் உருவத் தொகுதி. உச்சந்தலையில் பிளவு, கீழ்நோக்கி வளைந்த தடித்த வாய், பாதாம் வடிவக் கண், தீச்சுடர் போன்ற புருவம், பெருக்கல் குறி போன்ற குறுக்குப்பட்டை. பானையைச் செய்து, முழுதாகக் காய்வதற்கு முன், தோல் பதத்தில் இருக்கும்போது அகலமான ஆழமான கோடுகளால் இந்த உருவங்களை வெட்டி எடுப்பார்கள். சுட்ட பிறகு அந்தப் பள்ளங்களில் செங்காவியைத் தேய்ப்பார்கள். கறுத்த பானையில் சிவப்புக் கோடுகளாகத் தெய்வத்தின் முகம் தெரியும். இது தவிர, உள்ளே கூடாகச் செய்த, குண்டுக் குழந்தை வடிவச் சுடுமண் பொம்மைகள். கி.மு. 1300க்குப் பிறகு மெக்சிகோ பள்ளத்தாக்கு, மோரேலோஸ், குரேரோ, ஒஹாகா, சோகோனுஸ்கோ என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊர்களில் இவை தென்படுகின்றன.

தாக்கம் மிக ஆழமாக விழுந்த இடம், நாம் முதலில் பார்த்த அதே சோகோனுஸ்கோ. கி.மு. 1400க்குப் பிறகு சான் லோரென்சோ பாணிப் பானைகள் அங்கே கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்குகின்றன. அப்புறம் திடீரென்று படம் மாறிவிடுகிறது. பாசோ தே லா அமாதா கைவிடப்படுகிறது. உள்ளூர்க்காரர்கள் காலங்காலமாகச் செய்துவந்த, தொந்தியும் தொப்பையுமாக அமர்ந்திருக்கும் பெரியவர்களின் பொம்மைகள் மறைந்து, ஓல்மெக் முகம் கொண்ட பொம்மைகள் வருகின்றன. புதிய மையமாக கந்தோன் கொர்ராலீத்தோ எழுகிறது. பின்னாளில் கோவாத்தான் ஆற்று வெள்ளம் இந்த ஊரை வண்டலுக்குள் புதைத்துவிட்டது. நம் நல்ல காலம், அதனால் அது கலையாமல் கிடைத்தது. அங்கே அகழ்ந்த டேவிட் சீத்தம் பானைகளையும் பொம்மைகளையும் சான் லோரென்சோவின் பொருட்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். சில பானைகள் சான் லோரென்சோவிலிருந்தே வந்தவை. மிச்சம் உள்ளூர் மண்ணில் செய்தவை, ஆனால் செய்த விதம் அப்படியே சான் லோரென்சோவுடையது. கோட்டை எந்தக் கோணத்தில் வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்பது வரை ஒத்துப்போகிறது. பார்த்துப் பார்த்துக் காப்பியடித்தவர் கையில் இந்த லாகவம் வராது, சிறு வயதிலிருந்து பழகிய கை இது. சான் லோரென்சோவிலிருந்து ஒரு கூட்டம் வந்து குடியேறியிருக்கிறது என்ற அவருடைய முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. கொக்கோவும் குவாத்தமாலாவின் எரிமலைக் கண்ணாடிக் கல்லும் பச்சைக்கல்லும் வரும் வழி அது என்பதால், அங்கே ஆள் வைத்துக்கொள்ள சான் லோரென்சோவுக்குக் காரணமும் இருந்தது.

தென் மெக்சிகோவின் ஒஹாகா பள்ளத்தாக்கின் கதை முற்றிலும் வேறு. அங்கே சான் ஹோசே மொகோத்தே என்ற ஊர்தான் பெரியது. தொல்லியலாளர்கள் கென்ட் ஃப்ளானரியும் ஜாய்ஸ் மார்கஸும் பல பத்தாண்டுகள் அங்கே உழைத்தார்கள். ஓல்மெக் பாணி வருவதற்கு முன்பே அவ்வூரில் சுண்ணாம்புச் சாந்து பூசிய சிறு பொதுக்கட்டடங்கள் இருந்தன, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில், ஒரே திசை நோக்கிக் கட்டியவை. சான் லோரென்சோவில் சுண்ணாம்புச் சாந்து வழக்கம் கிடையாது. ஆகவே கட்டடக்கலையை அங்கிருந்து கற்றார்கள் என்று சொல்ல வழியில்லை. இவ்வூரின் ஒரு பகுதியில் காந்த இரும்புத்தாதுவைத் தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரல் நகம் அளவில் முகம் காட்டும் கண்ணாடிகள் செய்தார்கள். ஒவ்வொன்றும் பல நாள் வேலை. மார்பில் அணியும் மதிப்புப் பொருள். அந்தத் தாதுவின் மூலத்தை ஆராய்ந்தபோது, ஒஹாகாவின் கண்ணாடி சான் லோரென்சோ வரை போயிருப்பது தெரிந்தது. ஓல்மெக் தலைவர்களின் அலங்காரத்தில் ஒரு பகுதி ஒஹாகாக் கைவினைஞரின் வீட்டு முற்றத்தில் உருவானது.

ஓல்மெக் உருவங்களை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஃப்ளானரி, மார்கஸ் படிப்பில் அவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று மின்னலாகிய வானம், மற்றொன்று பிளவுபட்ட தலையோடு காட்டப்படும் பூமி. ஊரின் சில பகுதிகளில் வானம் பொறித்த பாத்திரங்களே அதிகம், வேறு பகுதிகளில் பூமி. தோமல்தேபெக் என்ற சிற்றூரின் இடுகாட்டிலும் இந்த உருவங்கள் கொண்ட பாத்திரங்கள் ஆண்களோடுதான் வைக்கப்பட்டிருக்கின்றன. வெளியிலிருந்து வந்த தெய்வ உருவத்தை ஒஹாகாக்காரர்கள் தங்கள் குலங்களைப் பிரித்துக் காட்டும் அடையாளமாக மாற்றிக்கொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. கல்லில் பெருந்தலை செதுக்கவில்லை, சிம்மாசனம் செய்யவில்லை. வேண்டியதை எடுத்தார்கள், வேண்டாததை விட்டார்கள்.

இந்த இடத்தில் அறிஞர்களின் சண்டையைச் சொல்லியாக வேண்டும். அது மிகப் பழையது. ஓல்மெக் சிற்பங்கள் மாயருக்குப் பிந்தியவை என்று 1941இல் மாயர் ஆய்வாளர் எரிக் தாம்ப்சன் எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டே துஷ்ட்லா குத்தியெர்ரெஸ் நகரில் கூடிய மாநாட்டில் மெக்சிகோ அறிஞர்களான அல்ஃபோன்சோ காசோவும் மிகேல் கோவாருபியாஸும், இல்லை, இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் தாய்க் கலாசாரம் என்றார்கள். 1957இல் ஓல்மெக்குகளின் பின்னாளைய மையமான லா வெண்டாவின் கரிமக் காலக்கணிப்பு வெளிவந்தபோது பழமை பற்றிய வாதம் மெக்சிகோ அறிஞர்களின் பக்கம் தீர்ந்தது. ஆனால் பழமை வேறு, தாய்மை வேறு. ஒஹாகாவில் தோண்டியவர்கள், எல்லா வட்டாரங்களும் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஒன்றாக வளர்ந்தன, சகோதரிகள் என்பதே பொருத்தம் என்று எதிர்த்தார்கள்.

2005இல் இந்த வாதம் பானை ஓட்டுக்குள்ளேயே இறங்கியது. ஜெஃப்ரி ப்ளோம்ஸ்டரும் அவருடைய கூட்டாளிகளும் பல ஊர்களின் 725 பானை ஓடுகளையும் களிமண் மாதிரிகளையும் நியூட்ரான் கொண்டு சோதித்தார்கள். களிமண்ணில் இம்மியளவு கலந்திருக்கும் தனிமங்களின் விகிதம் இடத்துக்கு இடம் மாறும் என்பதுதான் இதன் அடிப்படை. முடிவு பளிச்சென்று இருந்தது. சான் லோரென்சோவில் செய்த பானைகள் மற்ற எல்லா ஊர்களுக்கும் போயிருக்கின்றன, மற்ற ஊர்ப் பானை எதுவும் சான் லோரென்சோவுக்கு வரவில்லை. தாய்க் கட்சிக்குப் பெரிய வெற்றி.

அதே ஆண்டில் ஜேம்ஸ் ஸ்டோல்ட்மேன், மார்கஸ், ஃப்ளானரி குழு வேறு வழியில் பதில் கொடுத்தது. பானை ஓட்டை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவி, ஒளி ஊடுருவும்படி கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் பார்ப்பது இவர்கள் முறை. மண்ணோடு கலந்த மணல் துகள் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று நேரடியாகக் கண்ணில் தெரியும். அவர்கள் பார்த்தது வெறும் 20 ஓடுகள். ஆனால் சான் லோரென்சோவில் எடுத்த சில ஓடுகள் ஒஹாகாவில் செய்தவை என்று அதில் தெரிந்தது. ஆக, போக்கும் உண்டு, வரத்தும் உண்டு. முதல் குழு இதை மறுத்து எழுதியது.

என் கருத்து, இரு தரப்பின் சோதனையும் மதிக்கத்தக்கது. ஆனால் பானை எங்கே செய்யப்பட்டது என்பதை மட்டும்தான் அது சொல்லும். பானையில் இருந்த தெய்வத்தை வாங்கியவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதை அது சொல்லாது. அதற்கு அந்தப் பானை யார் வீட்டில், யார் உடலோடு கிடைத்தது என்று பார்க்க வேண்டும். கந்தோன் கொர்ராலீத்தோவுக்கும் தோமல்தேபெக்குக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரிகிறது.

மெக்சிகோ பள்ளத்தாக்கில் த்லாத்தில்கோ முக்கியமான ஊர். செங்கல் சூளைக்கு மண் வெட்டியவர்கள்தான் 1930களில் அதைக் கண்டெடுத்தார்கள். உள்ளூர்ப் பாணிப் பெண் பொம்மைகளும் ஓல்மெக் பாணிப் பாத்திரங்களும் அங்கே புதைகுழிகளில் கலந்து கிடக்கின்றன, ஓல்மெக் பாணி சிறு பங்குதான். இன்று அதன்மேல் மெக்சிகோ நகரம் நிற்கிறது.

ஒஹாகா மலைப்பகுதியின் எத்லாதோங்கோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ப்ளோம்ஸ்டர் பல காலம் தோண்டிய ஊர் அது. அங்கே கி.மு. 1374ஐ ஒட்டிய பந்தாட்டக் களம் ஒன்றை அவரும் விக்தோர் சலசார் சாவெஸும் 2020இல் வெளியிட்டார்கள். மலைநாட்டில் அவ்வளவு பழைய களம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. சான் லோரென்சோவிலோ அந்தக் காலத்துக் கட்டிய களம் இதுவரை கிடைக்கவில்லை. பந்து அங்கே இருந்தது, ஆட்டக்காரர் பொம்மைகளும் இருந்தன. ஆனால் களம் கட்டும் வழக்கத்தை ஓல்மெக் கொடை என்று இனி எளிதாகச் சொல்ல முடியாது. ஓல்மெக் ஏற்றுமதியை அழுத்தமாக நிறுவிய ஆய்வாளரே இதையும் வெளியே கொண்டுவந்தார் என்பது மதிக்க வேண்டிய விஷயம்.

கி.மு. 1000 வாக்கில் சான் லோரென்சோ சரிந்தது. கிழக்கே தபாஸ்கோவில் லா வெண்டா எழுந்து கி.மு. 400 வரை நின்றது. அங்கே 1955இல் கிடைத்த நான்காம் படையல் எனப்படும் தொகுதியைப் பார்க்காமல் இந்த விஷயத்தைப் பேசக்கூடாது. உள்ளங்கை அளவுக்குச் சற்று மேற்பட்ட 16 ஆண் உருவங்கள், பின்னால் செங்குத்தாக நட்ட 6 பச்சைக்கல் பட்டைகள். பெரும்பாலான உருவங்கள் பச்சை நிறக் கல், ஒன்று மட்டும் சொரசொரப்பான வேறு கல். அந்த ஒருவர் பட்டைகளுக்கு முதுகைக் காட்டி நிற்க, மற்றவர்கள் அவரைச் சூழ நிற்கிறார்கள். இதைப் புதைத்து, மேலே தளம் மேல் தளமாகப் போட்டார்கள். பல காலம் கழித்து யாரோ சரியாக அதே இடத்தில் மேலிருந்து குழி வெட்டி, உருவங்களின் தலை தெரியும் வரை பார்த்துவிட்டு, தொடாமல் மூடியிருக்கிறார்கள். எங்கே இருக்கிறது என்ற நினைவு கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. சடங்கை இவ்வளவு கட்டுப்பாட்டோடு காத்த சமூகத்தின் பாணி மற்ற ஊர்த்தலைவர்களை ஈர்த்ததில் வியப்பில்லை.

அந்த ஈர்ப்பின் உச்சம் மோரேலோஸில் உள்ள சல்கத்சிங்கோ. செங்குத்துப் பாறைகளின் அடியில் இருக்கும் ஊர். பாறையிலேயே புடைப்புச் சிற்பம் வெட்டியிருக்கிறார்கள். ராஜா என்று உள்ளூரில் அழைக்கப்படும் சிற்பத்தில் ஒருவர் குகைக்குள் அமர்ந்திருக்கிறார். குகை ஒரு வாயாகக் காட்டப்பட்டிருக்கிறது, அதிலிருந்து சுருள் சுருளாகப் புகை அல்லது ஆவி வெளிவருகிறது, மேலே மேகங்களிலிருந்து மழைத்துளி விழுகிறது. தலைவன் இருந்தால் மழை வரும் என்பதுதான் செய்தி. கருத்து வளைகுடாக் கரையுடையது. ஆனால் மலையும் குகையும் அந்த ஊருடையவை. வளைகுடாச் சிற்பிகள் தனிக்கல்லில் வடித்ததை இவர்கள் தங்கள் மலையின் உடம்பிலேயே எழுதினார்கள். அங்கே பல பருவங்கள் தோண்டிய டேவிட் குரோவ், ஓல்மெக் ஆட்சி அங்கே நடக்கவில்லை, உறவுதான் இருந்தது என்று வாதிட்டார். அதே ஊரின் இன்னொரு பெரிய சிற்பம், வாய் பிளந்த பூமியின் முகம், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்டு 2023இல்தான் மெக்சிகோவுக்குத் திரும்பியது.

கடைசியாக மாயர் பூமி. லா வெண்டாவிலிருந்துதான் மாயர்கள் சடங்குச் சதுக்கங்களைக் கற்றார்கள் என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். குவாத்தமாலாவின் செய்பாலில் தகேஷி இனோமாதா குழு 2013இல் வெளியிட்ட கணக்கில், அங்கே அப்படிப்பட்ட சதுக்கம் கி.மு. 1000ஐ ஒட்டியே எழுந்துவிட்டது. லா வெண்டாவின் ஒத்த கட்டமைப்புக்கு அது முந்தியது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தச் சதுக்கம் எழுந்தபோது செய்பாலைச் சுற்றியிருந்தவர்களில் பலர் இன்னும் இடம் மாறி மாறி வாழ்ந்தவர்கள். நிலையாகக் குடியேறிய பிறகு கோயில் கட்டினார்கள் என்ற வழக்கமான வரிசை அங்கே பொருந்தவில்லை. சேர்ந்து கட்டியதே அவர்களை ஊராக்கியிருக்கிறது.

பிறகு 2020இல் தபாஸ்கோவின் அகுவாதா ஃபெனிக்ஸ். வானிலிருந்து லேசர் கதிரால் நிலத்தை அளந்தபோது 1,400 மீட்டர் நீளமும் கிட்டத்தட்ட 400 மீட்டர் அகலமும் 10 முதல் 15 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு மண் மேடை தெரியவந்தது. காலம் கி.மு. 1000 முதல் 800. நடந்து போனால் மேய்ச்சல் நிலமாகத்தான் தெரியும், அவ்வளவு பெரியது. அங்கே அரசனின் பெருந்தலை இல்லை. கிடைத்த சிற்பம் ஒரு சிறு விலங்கு. அடுத்த ஆண்டு அதே குழு, இதைப் போன்ற சடங்குச் சதுக்க அமைப்பு கொண்ட 478 இடங்களை வரைபடமாக்கியது. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. விளிம்பில் 20 சிறு மேடைகள் வைத்த நீள்சதுரச் சதுக்கம் சான் லோரென்சோவிலேயே, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்திருக்கிறது.

ஆகவே இன்றைய நிலையில் என் வரிசை இது: பானையையும் விருந்தையும் பந்தாட்டக் களத்தையும் பசிபிக் கரை முதலில் கொண்டுவந்தது. கல்லில் வடித்த தலைவனையும், தெய்வ உருவத் தொகுதியையும், பெரும்பாலும் அந்த நீள்சதுரச் சதுக்கத்தையும் சான் லோரென்சோ கொடுத்தது. சதுக்கத்தை அகுவாதா ஃபெனிக்ஸ் மக்கள் எடுத்துக்கொண்டார்கள், பெருந்தலையை எடுக்கவில்லை. அந்த 478 இடங்களில் பெரும்பாலானவை இன்னும் அகழப்படவில்லை. அவற்றின் காலக்கணிப்பு வரும்போது இந்த வரிசையின் கடைசிப் பகுதி மாறக்கூடும். மொகாயாக்கள் முந்தியவர்கள் என்ற முதல் பகுதி மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.